வாயில் வராத அந்த ஒரு கேள்வி

மதுரையிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி மாவ்னி திட்டத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து ஆறு வருடம் இருந்தவர். வெளியே வந்து இரண்டு வருடம் ஆகிறது, டெக்சாஸில் இருக்கிறார். கூடவே இருந்த நண்பர் ஒருவர் போன வருடம் தற்கொலையால் இறந்துவிட்டார். இப்போது வெட்டரன்கள், அதாவது முன்னாள் படைவீரர்கள், நடத்தும் உள்ளூர் சங்கம் ஒன்று, தற்கொலைத் தடுப்புக்கான தன்னார்வலர் பயிற்சிக்குத் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறது. இரண்டு நாள் வகுப்பு. அக்கா கேட்பது மூன்று விஷயம். டாக்டர் படிப்பு இல்லாதவனுக்கு இரண்டு நாளில் என்ன சொல்லிக்கொடுத்துவிட முடியும்? இவன் ஏதாவது தப்பாகப் பேசி ஒரு உயிர் போய்விட்டால்? இதில் இறங்கி இவனுக்கே ஏதாவது ஆகிவிட்டால்?

மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். நான் டெக்சாஸில் சமூகப் பணியாளராக இருக்கிறேன், இந்தப் பயிற்சிகளை நடத்துகிறவர்களில் ஒருத்தி. ராணுவத்தில் இருந்தவள் இல்லை. அதனால் எந்த வகுப்பையும் தனியாக எடுப்பதில்லை, பக்கத்தில் ஒரு வெட்டரன் இருப்பார். நான் பத்து நிமிடம் பேசி ஏறாத விஷயம் அவர் ஒரு வரியில் சொன்னால் ஏறிவிடும். முதல் வருடமே அது புரிந்துவிட்டது. மாவ்னி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல் சட்டப்படி அமெரிக்காவில் தங்கியிருந்தவர்களை, அவர்களுடைய மொழியறிவுக்காகவோ மருத்துவப் படிப்புக்காகவோ ராணுவத்தில் சேர்த்துக்கொண்ட திட்டம் அது. தேவையான மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-ல் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

டாக்டர்கள் இருக்கும்போது இவர்கள் எதற்கு என்பதிலிருந்து தொடங்குகிறேன். வி.ஏ. என்று இங்கே எல்லோரும் சொல்லும் வெட்டரன் நலத்துறை வருடா வருடம் ஒரு அறிக்கை வெளியிடுகிறது. 2022-ல் தற்கொலையால் இறந்த வெட்டரன்கள் 6,407 பேர் என்கிறது அது. நாளுக்கு 17, 18 பேர். 'நாளுக்கு 22' என்ற எண்ணை உங்கள் தம்பி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது 2012-ல் வந்த ஒரு அறிக்கையில், சில மாநிலங்களின் கணக்கை மட்டும் வைத்துப் போட்ட மதிப்பீடு. 22 தண்டால் எடுத்து வீடியோ போடுவதுகூட ஒரு காலத்தில் இங்கே பரவலாக நடந்தது. எண் எதுவானாலும், வருடா வருடம் மாறாமல் வரும் ஒரு தகவல் உண்டு. இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சமீப காலத்தில் வி.ஏ. மருத்துவமனை வாசலையே மிதிக்காதவர்கள். வராத ஆளை டாக்டர் எப்படிப் பார்ப்பார்? ஆனால் அந்த ஆள் வேறு எங்கோ வருகிறார். யாரோ ஒருவர் வீட்டுப் பின்கட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி சுடும்போது வருகிறார். மீன் பிடிக்க வருகிறார். மோட்டார் சைக்கிள் ஊர்வலத்துக்கு வருகிறார். செத்துப்போன நண்பனின் அடக்கத்துக்கு வந்து கடைசி வரிசையில் நிற்கிறார். அப்போது அவர் பக்கத்தில் நிற்பது உங்கள் தம்பி மாதிரி ஒருவர்தான்.

பட்டாளத்துக்காரன் இன்னொரு பட்டாளத்துக்காரனிடம்தான் வாய் திறப்பான் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாதி உண்மை. வியட்நாம் போய்வந்த 75 வயதுக்காரரும் ஆப்கானிஸ்தான் போய்வந்த 35 வயதுக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். பெண் வெட்டரன்கள் பாடு இன்னும் மோசம். சங்கத்துக்குள் நுழைந்தால் "உங்கள் கணவர் எந்தப் படையில் இருந்தார்?" என்றுதான் முதல் கேள்வி வரும். அதனால் 'தோழமை' என்பது சீருடை போட்டிருந்தால் தானாக வந்துவிடுவதில்லை. ஒரு கதவு சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதான். திறந்த பிறகு என்ன செய்வது என்பதற்குத்தான் பயிற்சி.

பயிற்சிகளில் பல வகை. வி.ஏ. நடத்தும் 'சேவ்' என்ற இலவசப் பாடத்தை இணையத்தில் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். அறிகுறியைக் கவனி, கேள், அவர் சொல்வதை மதித்து ஏற்றுக்கொள், உதவிக்குச் சேர்த்துவிடு. இந்த நாலு படிகளின் ஆங்கில முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். 'கியூ.பி.ஆர்.' என்பது ஒன்றிரண்டு மணி நேர வகுப்பு. நெஞ்சை அழுத்தி மூச்சைத் திருப்பும் சி.பி.ஆர். முதலுதவியைப் போல இதையும் தெருவுக்கு ஒருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பால் குவின்னெட் என்ற உளவியலாளர் உருவாக்கியது. இரண்டு நாள் என்றால் பெரும்பாலும் 'அசிஸ்ட்' ஆக இருக்கும். 1983-ல் கனடாவின் கால்கரியில் தொடங்கியது. உங்கள் தம்பிக்கு வந்திருப்பது அதுவாக இருந்தால், இருப்பதில் கொஞ்சம் கனமான பயிற்சிதான். பாதிக்கு மேல் நடித்துப் பழகுவதிலேயே போகும்.

நடிப்பது என்று லேசாகச் சொல்லிவிட்டேன். அந்த அறையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். இரண்டு மடக்கு நாற்காலிகள், எதிரெதிராக. ஒருவர் வேலை போய், மனைவி பிரிந்துபோன வெட்டரனாக நடிக்க வேண்டும். இன்னொருவர் அவரோடு பேச வேண்டும். பேச்சின் நடுவே ஒரு கட்டத்தில் அந்தக் கேள்வியை நேராகக் கேட்டாக வேண்டும்: "தற்கொலை செய்துகொள்ள நினைக்கிறாயா?" போன வருட வகுப்பில் முன்னாள் பீரங்கிப் படை சார்ஜென்ட் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், இடிமாதிரி குரல். முதல் தடவை "நீ... எல்லாம் சரிதானே?" என்றார். நாங்கள் தலையசைத்து, இன்னொரு தடவை என்றோம். "உனக்கு ஏதாவது தோணுதா?" என்றார். மூன்றாவது தடவை, "நீ உன்னையே காயப்படுத்திக்கிற மாதிரி..." என்று இழுத்து நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். திரும்பி வந்து நாற்காலியை ஒரு அங்குலம் முன்னால் இழுத்துப் போட்டார். எதிரே இருந்தவர் முகத்தைப் பார்க்காமல் தன் முழங்காலைப் பார்த்தபடியே முழுச் சொல்லையும் சொல்லிக் கேட்டார். இரண்டு பேருக்கும் வேர்த்திருந்தது. அதற்கப்புறம் மதியம் வரை அவர் யாரிடமும் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து, "இதை ஒருத்தன்கிட்ட ஆறு வருஷம் முன்னாடியே கேட்டிருக்கணும்" என்றார்.

இரண்டு நாளில் என்ன சொல்லிக்கொடுக்க முடியும் என்று கேட்டீர்களே, முக்கியமாக இதைத்தான். வாயில் வராத ஒரு கேள்வியை வர வைப்பது. கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமே என்று எல்லோரும் பயப்படுவார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 2,342 பேரை வைத்து நடத்திய ஒரு ஆய்வு 2005-ல் வெளியானது. தற்கொலை பற்றி நேராகக் கேட்கப்பட்ட பிள்ளைகளுக்கு, கேட்கப்படாதவர்களைவிட மன உளைச்சலும் கூடவில்லை, அந்த எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மன அழுத்தத்தில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்டது கொஞ்சம் ஆறுதலாகவே இருந்திருக்கிறது. பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளும் அந்தப் பக்கம்தான் சாய்கின்றன.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கொஞ்சம் ஆழம். நாம் எப்படிக் கேட்போம்? "தப்பான முடிவு எதுவும் எடுத்துற மாட்டியே?" பத்திரிகைக்காரர்கள் 'விபரீத முடிவு' என்று எழுதி எழுதி, வீட்டுப் பேச்சிலும் அது வந்துவிட்டது. இந்தக் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது: 'மாட்டேன் என்று சொல்லிவிடு, எனக்கு நிம்மதியாக இருக்கும்' என்பது. கேட்கப்படுபவர் கேட்கிறவரின் நிம்மதிக்காக "சேச்சே, அதெல்லாம் இல்ல" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். ஆங்கிலத்திலும் இதே வழக்கம் உண்டு, பயிற்சியில் முதலில் வெட்டி எறிவது அதைத்தான். தம்பி தமிழ் ஆட்களிடம் பேச நேர்ந்தால், "செத்துப்போயிடலாம்னு நினைக்கிறியா?", "தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?" என்று உடைத்துத்தான் கேட்க வேண்டும். கொஞ்சம் முரடாக ஒலிக்கும். ஒலிக்கட்டும்.

எதிரே இருப்பவர் "ஆமாம்" என்று சொல்லிவிட்டால்? இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது, தப்பாகப் பேசிவிட்டால் என்ன ஆகும் என்பது. பெரும்பாலும் தப்பு நடப்பது அவசரத்தால். "உன் பிள்ளைகளை நினைச்சுப் பார்" என்பதுதான் எல்லோருக்கும் முதலில் வாயில் வரும். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் தாமஸ் ஜாய்னர் என்ற உளவியலாளர் பல வருடமாகச் சொல்லி வருவது ஒன்று உண்டு: சாக நினைப்பவரின் மனதில் ஓடும் முக்கியமான கணக்கு, 'நான் இவர்களுக்குச் சுமை' என்பது. அப்படி நினைத்துக்கொண்டிருப்பவரிடம் பிள்ளைகளைப் பற்றிப் பேசினால், 'அதுகளுக்காகத்தான் நான் போகணும்' என்று அவர் கணக்கில் இன்னொரு வரி சேர்ந்துவிடும். ஜாய்னர் சொல்லும் இன்னொன்று, யாரோடும் ஒட்டாமல் போன உணர்வு. படையில் இருந்தபோது இருபத்துநாலு மணி நேரமும் தோளோடு தோள் உரசிக்கொண்டு இருந்தவர், வெளியே வந்து ஒரு கிடங்கில் இரவு ஷிப்டில் தனியாகப் பெட்டி அடுக்கும்போது அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். படையை விட்டு வந்த முதல் ஒன்றிரண்டு வருடங்கள் ஆபத்தானவை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் நாங்கள் சொல்லிக்கொடுப்பது: ஆமாம் என்றால், முதலில் "சொன்னதுக்கு நன்றி" என்று சொல். அப்புறம் சும்மா இரு. ஏன் சாகணும்னு தோணுது என்பதை அவர் முழுக்கச் சொல்லட்டும். அதைக் கேட்காமல் வாழ்வதற்கான காரணங்களை நீ எடுத்து வைத்தால் அது பட்டிமன்றம் ஆகிவிடும். பெரும்பாலும், சாவுக்கான காரணங்களைச் சொல்லிக்கொண்டே வரும்போது அவரே ஒரு இடத்தில் "ஆனா எங்க நாய் இருக்கு" என்பது மாதிரி எதையாவது சொல்வார். அதைப் பிடித்துக்கொள். நாய்தானே என்று சிரிக்காதே. "அதுக்கு இன்னைக்கு ராத்திரி யார் சோறு வைப்பா?" என்று கேள்.

அடுத்தது பாதுகாப்புத் திட்டம். பார்பரா ஸ்டான்லி, கிரகரி பிரவுன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உருவாக்கிய முறை. ஒரே ஒரு தாள். எனக்கு நெருக்கடி வரப்போகிறது என்பது எதிலிருந்து எனக்குத் தெரியும், அப்போது நானே என்ன செய்து பார்க்கலாம், எங்கே போனால் கொஞ்சம் மனசு திரும்பும், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த மருத்துவரை அல்லது எந்த எண்ணை அழைக்கலாம், வீட்டில் எதைக் கைக்கெட்டாமல் ஆக்க வேண்டும் என்று வரிசையாகப் போகும். அவர் கையெழுத்தில், அவர் வார்த்தையில் இருக்க வேண்டும். 'மனநிலை சரியில்லாதபோது' என்று எழுதினால் பயன் இல்லை. 'மூணு நாள் ஷேவ் பண்ணலைன்னா' என்று ஒருவர் எழுதியிருந்தார், அது திட்டம். வி.ஏ. மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்த 1,640 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. இந்தத் தாளை எழுதவைத்து, வீட்டுக்குப் போன பிறகும் போன் செய்து விசாரித்தவர்களிடையே, அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை முயற்சி போன்ற நடத்தை ஏறத்தாழ 45 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த ஆய்வில் செய்தவர்கள் மருத்துவமனைப் பணியாளர்கள். தன்னார்வலர் இதை முழுசாகச் செய்ய வேண்டியதில்லை. அப்படி ஒரு தாள் இருக்கிறதா என்று கேட்கவும், இருந்தால் அதில் தன் பெயரும் எண்ணும் ஏறுவதற்குச் சம்மதிக்கவும் தெரிந்தால் போதும். அந்தத் தாளை மடித்துக் கைபேசி உறைக்குள் வைத்திருப்பவர்கள் நிறைய பேர்.

கைக்கெட்டாமல் ஆக்குவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தியாவில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது உடனே பிடிபடாது. வெட்டரன்களின் தற்கொலைகளில் 4-ல் கிட்டத்தட்ட 3 துப்பாக்கியோடு சம்பந்தப்பட்டவை. டெக்சாஸில் துப்பாக்கி இல்லாத வெட்டரன் வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பேச்சை நான் எடுத்தால், ஒரு அரசாங்க அம்மா தன் உரிமையைப் பறிக்க வந்திருக்கிறாள் என்று எதிரே இருப்பவர் நினைப்பார். உங்கள் தம்பி எடுத்தால் கதையே வேறு. "நிலைமை சரியாகிற வரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும், நான் குடிச்சிருந்தா கார் சாவியை நீ வாங்கி வச்சுக்க மாட்டியா?" என்று அவரால் சொல்ல முடியும். வகுப்பில் நாங்கள் துப்பாக்கியில் மாட்டும் கேபிள் பூட்டு ஒன்றை மேசையில் வைப்போம். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி, முனையில் ஒரு சின்னப் பூட்டு, சைக்கிள் பூட்டு மாதிரி. வி.ஏ. இலவசமாகக் கொடுக்கிறது. கை மாறி மாறிச் சுற்றி வரும்போது அறையின் பேச்சே மாறிவிடும். அதுவரை மனம், உணர்வு என்று போய்க்கொண்டிருந்த பேச்சு, "இதை எங்க மாட்டுறது, சாவி யார்கிட்ட?" என்று இறங்கி வந்துவிடும். இவர்களுக்கு அந்தப் பேச்சு நன்றாக வரும்.

"ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழி தேடிக்கொள்வான்" என்று யாராவது ஒருவர் சொல்லாத வகுப்பு கிடையாது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். 1937-லிருந்து 1971 வரை சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று ரிச்சர்ட் சைடன் என்பவர் தேடிப் பார்த்தார். 100-க்கு 94 பேர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். இஸ்ரேல் ராணுவம் 2006-ல், வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் சிப்பாய்கள் ஆயுதத்தை முகாமிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்று ஆக்கியது. தற்கொலை விகிதம் 40 சதவீதம் குறைந்தது. நமக்குப் பக்கத்திலேயே இலங்கையில், கொடிய பூச்சிமருந்துகளை 1990-களிலிருந்து ஒவ்வொன்றாகத் தடை செய்ததும் நாட்டின் தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. உச்சத்தில் இருக்கும் அந்த நேரம் பலருக்கும் நிமிடக் கணக்கு, சிலருக்கு மணிக் கணக்கு. அதைத் தாண்ட வைத்தால் பெரும்பாலானவர்கள் தாண்டிவிடுகிறார்கள்.

அப்புறம் கைமாற்றுவது. தன்னார்வலர் செய்யும் வேலையில் பாதி இதுதான் என்பேன். 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் வெட்டரன்களுக்கான நெருக்கடி உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும். 838255 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். "இந்த நம்பர்ல கூப்பிடு" என்று சீட்டு எழுதிக் கொடுப்பது கைமாற்றுவது ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டு, "என் நண்பர் இங்க இருக்கார், பேசுறார்" என்று சொல்லிப் போனை அவர் பக்கம் நகர்த்துவதுதான். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து, தற்கொலை நெருக்கடியில் இருக்கும் வெட்டரன் எந்த மருத்துவமனை அவசரப் பிரிவுக்கும் போகலாம், வி.ஏ.வில் பதிவு இல்லாவிட்டாலும் செலவை வி.ஏ. ஏற்கும். அமெரிக்காவில் ஆஸ்பத்திரி பில்லுக்குப் பயந்து உயிரை விடுகிறவர்கள் உண்டு, அதனால் இந்த ஒரு தகவலே சில இரவுகளில் போதுமானதாக இருந்திருக்கிறது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று அவர் கேட்டால் பண்ணக்கூடாது. "உன் உயிர் சம்பந்தப்பட்டதுன்னா சொல்லுவேன், ஆனா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்பதுதான் அதற்குப் பதில். ஆயுதத்தோடு கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவர் வீட்டுக்குத் தனியாகப் போகவும் கூடாது. இந்த விதியை மீறத்தான் இவர்களுக்குக் கை துறுதுறுக்கும், ஆபத்துக்குள் ஓடிப் பழகிய ஆட்கள்.

சரி, இதெல்லாம் பலன் தருகிறதா? பயிற்சி முடிந்தவுடன் அறிவும் தைரியமும் கூடுகின்றன, அதில் சந்தேகம் இல்லை. சில மாதங்களில் இரண்டும் தேய்ந்துவிடுகின்றன, அதிலும் சந்தேகம் இல்லை. வகுப்பு மட்டுமே தற்கொலையைக் குறைத்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு ஒரு பழைய கசப்பு உண்டு. ஒரு அமைப்பு ஒரே சனிக்கிழமையில் நாற்பது பேருக்குப் பயிற்சி கொடுத்தது, டி-ஷர்ட் கொடுத்தது, குழுப் படம் எடுத்தது. வகுப்பு எடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அதற்கப்புறம் அவர்களை வழிநடத்த ஒரு ஆளைக்கூட அது வேலைக்கு வைக்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் காணாமல் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களில் ஒருவர் பதினொரு பேரின் நள்ளிரவு அழைப்புகளைத் தனியாக ஏந்திக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு ராத்திரி 988-ஐ அழைத்தது அவரேதான், தனக்காக. இன்றைக்கு நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த டி-ஷர்ட்டை இப்போது பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

சரியாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். மிச்சிகன் மாநிலத்தில் 2009-ல் தேசியக் காவல்படையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கிய 'பட்டி டு பட்டி' (தோழனுக்குத் தோழன்) திட்டம் ஒரு உதாரணம். வெட்டரன்களுக்குப் பயிற்சி கொடுத்து, தங்கள் ஆட்களோடு தொடர்ந்து தொடர்பில் இருக்க வைத்தார்கள், தன்னார்வலர்களுக்குப் பின்னால் கேட்டுச் சொல்ல ஆள் வைத்தார்கள். தொடர்பில் இருப்பது என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஜெரோம் மோட்டோ என்று ஒரு மனநல மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் அவர் சிப்பாயாக ஐரோப்பாவில் இருந்தபோது, அதிகம் பழக்கமில்லாத ஒரு பெண் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தாராம். பிற்பாடு சான் பிரான்சிஸ்கோவில், மருத்துவமனையிலிருந்து போய் மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம் என்ற 843 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சில வரிக் கடிதங்கள் அனுப்பினார். நலமா, எழுத நினைத்தால் எழுதுங்கள், அவ்வளவுதான் சாரம். எதையும் கேட்பதில்லை, எங்கும் வரச் சொல்வதில்லை. கடிதம் போனவர்களிடையே முதல் இரண்டு வருடங்களில் தற்கொலை குறைவாக இருந்தது. அந்தச் சிப்பாய்க்கு வந்த கடிதம் இப்போது வெட்டரன்களுக்கே திரும்பி வந்திருக்கிறது: 2020-லிருந்து, உதவி எண்ணை அழைத்தவர்களுக்கு வி.ஏ. இதே மாதிரிக் கடிதங்கள் அனுப்புகிறது. உங்கள் தம்பி வாட்ஸப்பில் "உன் நினைப்பு வந்துச்சு, பதில் போடணும்னு இல்ல" என்று போட்டால் அதுவும் இந்த வகைதான்.

உங்களுக்கு இது முழுக்க வெளிநாட்டு விஷயமாகத் தெரிய வேண்டாம். சென்னையில் 1986-லிருந்து நடக்கும் தற்கொலைத் தடுப்பு மையமான ஸ்நேகா, லட்சுமி விஜயகுமார் என்ற மனநல மருத்துவர் தொடங்கியது, ஆனால் போனை எடுப்பவர்கள் தன்னார்வலர்கள். டாக்டர் படிப்பு இல்லாதவர்கள் காது கொடுத்து உயிர் காக்க முடியும் என்பது நம் ஊரிலும் பழைய செய்திதான். அவர்கள் எண் 044-24640050. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். இந்தக் கவலையில் உங்களுக்கே தூக்கம் போனால் நீங்களும் அழைக்கலாம்.

கடைசியாக உங்கள் மூன்றாவது கேள்வி. இதுதான் கனமானது என்று உங்களுக்கும் தெரியும். கிளே ஹண்ட் என்ற அமெரிக்க மரீன் படைவீரர் இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்தவர். வெளியே வந்து மற்ற வெட்டரன்களுக்காகக் குரல் கொடுத்தார், 2010-ல் ஹெய்ட்டி பூகம்பத்துக்குத் தன்னார்வலராக ஓடினார், உதவி கேளுங்கள் என்று சொல்லும் விளம்பரத்தில் நடித்தார். 2011-ல், 28 வயதில், தற்கொலையால் இறந்தார். 2015-ல் வந்த வெட்டரன் தற்கொலைத் தடுப்புச் சட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கு உதவுவது தன் காயத்துக்கு மருந்தாகவும் இருக்கலாம், அதை மூடி மறைக்கும் துணியாகவும் இருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். நண்பன் போய் ஒரு வருடம்தான் ஆகிறது என்கிறீர்கள். நான் பொறுப்பில் இருந்தால் தம்பியை வகுப்புக்கு வரச் சொல்வேன், ஆனால் ஆட்களை ஒப்படைக்கக் கொஞ்ச காலம் பொறுப்பேன். முதலில் நாற்காலி போடட்டும், வண்டி ஓட்டட்டும், கறி சுடட்டும். பொறுப்பான அமைப்பு என்றால் இழப்பைப் பற்றி அவர்களே கேட்பார்கள். கேட்கவில்லை என்றால் தம்பி அவர்களைக் கேட்கட்டும்: எனக்கு மேலே யார் இருக்கிறார்? ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு முடியவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது? ஒரு நேரத்தில் எத்தனை பேர் என் பொறுப்பில்? யாராவது இறந்துபோனால் எங்களோடு யார் உட்கார்ந்து பேசுவார்? இதற்கெல்லாம் பெயரும் எண்ணும் பதிலாக வர வேண்டும். "நாங்க எல்லாம் ஒரு குடும்பம்" என்று பதில் வந்தால் வேறு சங்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பயிற்சியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் ஒவ்வொரு வரியிலும் தம்பிதான் இருக்கிறார். நண்பர் இறந்த பிறகு சரியாகப் பேசுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் கேமராவை அணைத்துவிடுகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சும்மா களைப்பாகவும் இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து நீங்களே கேட்டுவிடுங்கள். "உன் ஃபிரண்டு போனதுக்கப்புறம் உனக்கும் செத்துப்போயிடலாம்னு தோணியிருக்காடா?" என்று, அப்படியே. இல்லை என்றால் அவருக்குக் கொஞ்சம் கோபம் வரும், பரவாயில்லை. ஆமாம் என்றால் போனை வைக்காதீர்கள், அழுதாலும் வைக்காதீர்கள். இந்தியாவிலிருந்து நீங்கள் 988-ஐ அழைக்க முடியாது, அவர்தான் அழைக்க வேண்டும். அதனால் அதற்கு முன்பே, அவர் வீட்டுக்கு அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஒருவரின் பெயரையும் எண்ணையும், தம்பியின் முழு முகவரியையும் வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று தம்பி கேட்டால், பயிற்சியில் இதையெல்லாம்தான் சொல்லிக்கொடுக்கிறார்களாம் என்று சொல்லுங்கள்.